"நம்முடையதன்று" என்று சொல்லிவிட்டால் போதுமா?

எல்லாப் புகழும் ஏகனாகிய அல்லாஹு தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும், ஜொகூர் பாருவிலுள்ள பேரங்காடிகளில் ஆளுயரத்துக்கு மேல் பச்சை மரங்கள் நிற்கும். அவற்றில் விளக்குகள் மின்னும். நம் செனாயில் கிறிஸ்தவச் சகோதரர்களின் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் தொங்கும். டிசம்பர் 25-ஆம் நாள் நாட்டுக்கே பொது விடுமுறை. அந்த வாரங்களில் நம் கடைகளிலும் வியாபாரம் சூடு பிடிக்கிறது. மாவும் நெய்யும் முந்திரிப் பருப்பும் உலர்ந்த திராட்சையும் வாங்க வருகிறார்கள். நாமும் நிறுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் பெட்டியில் போடுகிறோம். அது ஹலாலான வியாபாரம், அதில் குறையொன்றுமில்லை.

ஆனால், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறதே நம் பிள்ளை, அது என்ன பார்க்கிறது என்று நாம் பார்த்தோமா? அது அந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறது. "அத்தா, நம்ம வீட்டுல ஏன் இது இல்லை?" என்று கேட்கிறது. நாமும் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, "அது நம்முடையது இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

நாம் சொன்னது உண்மைதான். அந்த உண்மை அந்தப் பிள்ளைக்குப் போதுமா என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

சகோதரர்களே! முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கிறிஸ்துமஸ் என்பது கிறிஸ்தவர்களின் மார்க்கப் பெருநாள். ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள நம்பிக்கையின் மீது அது நிற்கிறது. நம்முடைய ஈமான் வேறு. ஆகவே, பிள்ளை அழுகிறதே என்று ஒரு மரத்தை வாங்கி வந்து வரவேற்பறையில் நிறுத்துவது வழியன்று. அதேபோல், பிள்ளையின் எதிரில் அடுத்த வீட்டாரின் பெருநாளைக் கேலி செய்வதும், முகத்தைச் சுளிப்பதும் வழியன்று. பிறர் வணங்குபவற்றைத் திட்டக் கூடாது என்று திருக்குர்ஆன் நம்மைத் தடுத்திருக்கிறது. கேலி பேசக் கற்றுக் கொண்ட பிள்ளை நாளை நம் மார்க்கத்தையும் அதே நாவால் கேலி பேசும். இவ்விரண்டு வழியும் அன்றி மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைக் காட்டித் தந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே.

கி.பி. 622-இல் பெருமானார் மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தார்கள். அங்குள்ள மக்கள் ஆண்டில் இரண்டு நாட்களை விளையாட்டுக்கும் களிப்புக்கும் உரியவையாகக் கொண்டாடி வந்தார்கள். அது என்னவென்று நாயகம் விசாரித்தார்கள். அறியாமைக் காலத்திலிருந்தே நாங்கள் விளையாடி வரும் நாட்கள் என்று அம்மக்கள் கூறினார்கள். அப்போது பெருமானார், அவ்விரண்டுக்கும் பதிலாக அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை அல்லாஹ் உங்களுக்குத் தந்திருக்கிறான், அவை நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளுமாம் என்று அறிவித்தார்கள். ஹஸ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

கவனித்துப் பாருங்கள். "விடுங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அதைவிடச் சிறந்த ஒன்று பதிலாகக் கிடைத்திருக்கிறது என்று காட்டினார்கள். ஒன்றை எடுக்கும்போது வேறொன்றைக் கையில் வைத்தார்கள். வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். நம் கடையில் தட்டுகள் எல்லாம் காலியாகக் கிடக்க, வந்த வாடிக்கையாளரைப் பார்த்து, "அடுத்த கடைக்குப் போகாதீர்கள்" என்று சொல்ல முடியுமா? சொன்னால்தான் அவர் கேட்பாரா? பிள்ளையின் கண் அடுத்த வீட்டு நட்சத்திரத்தில் போய் நிற்கிறதென்றால், அந்த நட்சத்திரத்தைக் குறை சொல்லுமுன் நம் வீட்டுத் தட்டில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்ப்பதல்லவா நியாயம்?

அடுத்த வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெருநாளுக்குப் பல நாட்கள் முன்னதாகவே வேலை தொடங்கிவிடுகிறது. தகப்பனார் ஏணியைப் பிடிக்க, பிள்ளை நட்சத்திரத்தைக் கட்டுகிறது. அச்சு முறுக்கும் கலகலாவும் சுடும்போது மாவை உருட்டச் சிறு கைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டின் ஒரு மூலையில் குடில் அமைத்து, புல்லையும் வைக்கோலையும் பரப்பிப் பொம்மைகளை அடுக்குகிறார்கள். இந்தக் குடில் வழக்கத்தைப் பரவச் செய்தவர் பிரான்சிஸ் அசிசியார் என்னும் துறவி. 1223-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்ற ஊரில் அவர் அதைச் செய்து காட்டினார் என்பது அவர்கள் வரலாறு. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கும் தம் மார்க்கக் கதை கண்ணில் பட வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது. எண்ணூறு ஆண்டுகளாகியும் அது நிலைத்திருக்கிறதென்றால், பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்து, அதன் வழியாக மனத்தில் இடம் பிடிப்பதே காரணம். அவர்களுடைய குடில் நமக்கு வேண்டியதில்லை. ஆனால், பிள்ளையின் கைக்கு நாம் என்ன வேலை கொடுத்தோம் என்ற கேள்வி நமக்கும் உண்டு.

நிற்க. இனி நம் வீட்டுக் கதையைப் பேசுவோம்.

ரமலான் மாதத்தின் கடைசிப் பத்து இரவுகள் வருகின்றன. நம் கடைகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். துணிக்கடையில் நள்ளிரவு வரை கூட்டம். மளிகைக் கடையில் மூச்சு விட நேரமில்லை. சாப்பாட்டுக் கடையில் ஸஹர் வரை அடுப்பு அணையாது. மாதக் கணக்கில் சேர்ந்த வாடகைப் பாக்கியும் சரக்குக் கடனும் அந்த நாட்களில்தான் அடைபட வேண்டியிருக்கிறது. இதை அறியாதவனாக நான் பேசவில்லை. பெருநாள் இரவில் கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுக் கதவை இழுத்து மூடும்போது பின்னிரவு ஆகிவிடுகிறது. வீட்டுக்கு வந்து குளித்துத் தொழுகைக்கு ஓடி, திரும்பி வந்து இரண்டு கவளம் சாப்பிட்டுப் படுத்தால், எழுந்திருப்பது அஸருக்கு. ஊராருக்கெல்லாம் பெருநாளை விற்றவன் வீட்டில் பெருநாள் இல்லை!

பிள்ளை என்ன கண்டது? புதுச் சட்டை கண்டது. கையில் பெருநாள் காசு கண்டது. தூங்கும் அத்தாவைக் கண்டது. "சத்தம் போடாதே, அத்தா தூங்குறாங்க" என்று தாய் அதட்டுவதைக் கேட்டது. 2025 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறாகிவிட்டது. பள்ளி இல்லாத அவ்விரு நாட்களில்தான் கடையில் கூட்டமும் மிகுதி. ஆக, வாரத்திலும் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, பெருநாளிலும் இல்லை என்றால், "அது நம்முடையது இல்லை" என்று நாம் சொல்லும்போது, "அப்படியானால் நம்முடையது எங்கே?" என்று அது திருப்பிக் கேட்காதா? வாய்விட்டுக் கேட்கும் பிள்ளையாவது பரவாயில்லை. கேட்காமல் மனத்தில் வைத்துக் கொள்ளும் பிள்ளையைப் பற்றித்தான் நான் அஞ்சுகிறேன்.

பெருமானாரின் வீட்டில் பெருநாள் எப்படி இருந்தது என்று பாருங்கள். ஒரு பெருநாளன்று அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் அறையில் இரண்டு சிறுமிகள் தஃப் கொட்டிப் பாடிக் கொண்டிருந்தார்கள். அங்கு வந்த ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள், நபியின் வீட்டில் இதென்ன என்று கடிந்து கொண்டார்கள். போர்வையால் முகத்தை மூடிப் படுத்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள், அவர்களை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு சமூகத்தாருக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம்முடைய பெருநாள் என்று கூறினார்கள். இன்னொரு பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடினார்கள். அன்னை ஆயிஷா அதைப் பார்க்க, பெருமானார் முன்னே நின்று மறைவு கொடுத்தார்கள்; அன்னையவர்கள் பார்த்துப் பார்த்துத் தாமாகவே சலிக்கும் வரையில் நாயகம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இவை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்திகள்.

"நம்முடைய பெருநாள்" என்று பெருமானார் சொன்ன இடத்தைக் கவனியுங்கள். சிறுமிகள் பாடிக் கொண்டிருந்த இடத்தில் சொன்னார்கள்! நாமோ பிள்ளை அழுது நிற்கும் இடத்தில், "நம்முடையதன்று" என்ற சொல்லை மட்டும் கொடுக்கிறோம். உலகத்தின் பாரமெல்லாம் சுமந்த நபிக்கு, வீட்டார் சலிக்கும் வரை நின்று கொண்டிருக்க நேரம் இருந்தது. நம் கடை அதைவிடப் பெரிய பாரமா?

சிறு குழந்தைகளை நோன்புக்குப் பழக்கும்போது ஸஹாபிப் பெண்மணிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆஷூரா நோன்பன்று பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்து, அவர்களுக்காகக் கம்பளி நூலால் விளையாட்டுச் சாமான் செய்து வைத்துக் கொள்வார்களாம். பசியால் பிள்ளை அழுதால் அந்தப் பொம்மையைக் கையில் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை போக்குக் காட்டுவார்களாம். ருபைய்யிஃ பின்த் முஅவ்விது (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வணக்கத்தைப் பிள்ளைக்கு இனிமையாக்கிக் கொடுப்பது அன்றே நம்மிடம் இருந்த வழக்கம். அதை யாரிடமும் போய்க் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆகவே சகோதரர்களே, வீண் செலவு இல்லாமல், பித்அத்து இல்லாமல், நம் சுன்னத்தைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பெருநாளைக் கொடுக்கலாம். சிலவற்றைச் சொல்கிறேன்.

ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலை, ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் பெருநாளை அறிவிப்பார். அந்த அறிவிப்பைப் பிள்ளையோடு உட்கார்ந்து கேளுங்கள். அதற்கு முன் வாசலுக்கு அழைத்துச் சென்று மேற்கு வானத்தைக் காட்டுங்கள். நம் வீட்டுக்கும் வானத்தில் ஓர் அடையாளம் உண்டென்று அது அறியட்டும். பிறகு தக்பீர் சொல்லிக் கொடுங்கள். மருதாணி இடும்போது பக்கத்தில் இருங்கள்.

அடுத்தது பித்ரா. ஸதக்கத்துல் பித்ர் பெரியவர்களுக்கு மட்டுமின்றிச் சிறு பிள்ளைகளுக்காகவும் கடமையாக்கப்பட்டது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் ஏழையின் பங்கில் ஒரு கணக்கு உண்டு! ஒரு தலைக்கு ஒரு ஸாவு. நம் நாட்டுக் கணக்கில் ஏறத்தாழ 2.7 கிலோ அரிசி. நாம் மார்க்க மன்றம் நியமித்த ஆமிலிடம் வெள்ளியாகக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கொடுக்குமுன் பிள்ளையைக் கடைக்கு அழைத்து வாருங்கள். தராசில் அந்த அளவு அரிசியை அதன் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லுங்கள். "இது உன் பங்கு, பெருநாளன்று யாரும் பசியோடு இருக்கக் கூடாது என்பதற்காக உன் பெயரால் போகிறது" என்று சொல்லுங்கள். பிறகு அதன் கிரயத்தை அதன் கையாலேயே ஆமிலிடம் கொடுக்கச் செய்யுங்கள். வருடம் முழுவதும் லாபத்துக்காக நிறுத்த தராசு அன்று ஒரு நாள் பிள்ளைக்குத் தீனைக் கற்றுக் கொடுக்கட்டும்.

பெருநாள் காலையில், தொழப் போகுமுன் பெருமானார் ஒற்றைப் படையாகப் பேரீச்சம்பழம் உண்பார்கள். பிள்ளை எண்ணட்டும்: ஒன்று, இரண்டு, மூன்று. போகும்போது ஒரு வழியும் வரும்போது வேறு வழியும் நடப்பார்கள். காரிலேயே போய் வந்தாலும் அந்த வேறு வழியைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். பெண்களையும் இளம் பெண்களையும் பெருநாள் திடலுக்கு அழைத்து வரும்படி ஏவினார்கள். நம் பெண்மக்களை அடுக்களையோடு விட்டுவிட்டு நாம் மட்டும் அத்தர் பூசிக் கொண்டு போகிறோமே, அது எந்த சுன்னத்து?

அன்பளிப்புக் கொடுக்கும்போது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தாழ்த்தி உயர்த்தாதீர்கள். ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து அதற்கு நாயகத்தைச் சாட்சியாக்க வந்த பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று பெருமானார் கேட்டு, சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுங்கள். ஒரு தாய், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று தன் மகனை அழைத்தபோது, என்ன கொடுக்க நினைத்தாய் என்று நாயகம் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்த அம்மையார். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். "பெருநாளுக்கு அத்தா வீட்டில் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கடையில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி, டிசம்பருக்கே வருவோம். பிள்ளை நட்சத்திரத்தைக் காட்டிக் கேட்கும்போது, அதை ஒரு தொல்லையாக நினையாதீர்கள். அல்லாஹ் திறந்துவிட்ட வாசலாக நினையுங்கள். "அவர்கள் ஈஸா நபி பிறந்ததைக் கொண்டாடுகிறார்கள். ஈஸா நபியை நமக்கும் தெரியும், வா சொல்கிறேன்" என்று மடியில் உட்கார்த்திக் கொள்ளுங்கள். திருக்குர்ஆனின் 19-ஆவது அத்தியாயத்துக்கே மர்யம் என்று பெயர். ஈஸா (அலை) அவர்களின் பெயர் திருமறையில் 25 இடங்களில் வருகிறது. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனித்து ஒதுங்கியதையும், காலடியில் ஊற்று ஓடியதையும், மரத்தை உலுக்கப் பழம் உதிர்ந்ததையும், ஊரார் பழித்தபோது தொட்டில் குழந்தை வாய் திறந்து, தான் அல்லாஹ்வின் அடிமை என்று பேசியதையும் சொல்லுங்கள். இதைவிடப் பிள்ளையின் உள்ளம் கவரும் வரலாறு எங்கே இருக்கிறது? அவர்கள் நம்புவதிலிருந்து நாம் நம்புவது எங்கே பிரிகிறது என்பதையும் அந்த இடத்திலேயே, சண்டையில்லாமல், தெளிவாகச் சொல்லிவிடலாம்.

கி.பி. 615-ஆம் ஆண்டளவில் மக்கத்துக் காபிர்களின் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் சிலர் அபிசீனியாவுக்கு அடைக்கலம் தேடிப் போனார்கள். அங்கே கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் சபையில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஓதிக் காட்டியது இந்த மர்யம் அத்தியாயத்தைத்தான். கேட்ட மன்னர் கண்ணீர் விட்டார், அடைக்கலமும் தந்தார். ஜஃபர் தம் கொள்கையை மறைக்கவில்லை. மன்னரின் மார்க்கத்தை இழித்துப் பேசவும் இல்லை. அயலூரில் பிழைக்க வந்து, பல மதத்தாரோடு கலந்து வாழும் வணிகக் குலத்தாராகிய நமக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா?

அடுத்த வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தால் முகம் மலர்ந்து வாங்குங்கள். உண்ணக் கூடியதா என்பதைப் பிறகு நிதானமாக விசாரித்துக் கொள்ளலாம். வாழ்த்துக் கூறுவது பற்றி ஆலிம்களிடையே இருவேறு கருத்துக்கள் உண்டு. உங்கள் ஆலிமைக் கேட்டு நடந்து கொள்ளுங்கள். ஆனால், அண்டை வீட்டாரின் உரிமை பற்றி இரு கருத்துக்கு இடமேயில்லை. தம் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் கேட்ட செய்தி ஹதீது நூல்களில் இருக்கிறது. ஆகவே நம் பெருநாளன்று பிரியாணியும் வட்டலப்பமும் அந்த வீட்டுக்குப் போகட்டும். தட்டை எடுத்துச் செல்பவர் நம் பிள்ளையாக இருக்கட்டும். கொடுக்கும் கையாக நின்று பழகிய பிள்ளை, அடுத்த வீட்டு வாசலில் ஏக்கத்தோடு நிற்காது.

இன்னும் ஒரு கணக்கு. நம் ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாட்கள் குறைவு. அதனால் பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று வருகிறது. 2000-ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டொரு நாளில் நோன்புப் பெருநாள் வந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணக்குப்படி 2033-இல் நோன்புப் பெருநாள் இரண்டு முறை வரும்: ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் 23-ஐ ஒட்டி மற்றொன்று. அன்று இரண்டு வீட்டு வாசல்களும் ஒரே வாரத்தில் ஒளிரும். இன்று முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அப்போது வளர்ந்திருக்கும். எந்த வாசலைப் பார்த்து அதன் உள்ளம் குளிரும் என்பதை நாம் இந்தச் சில பெருநாட்களில்தான் தீர்மானிக்கிறோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். பெருநாள் இரவில் கடையை அடியோடு மூடுங்கள் என்று சொல்லவில்லை. கூட்டாளிகள் முறை வைத்துக் கொள்ளுங்கள். மஃரிபிலிருந்து இஷா வரையிலாவது ஒவ்வொருவரும் ஓர் இரவு வீட்டில் இருங்கள். பெருநாளன்று லுஹர் வரை தூக்கத்தைத் தள்ளி வையுங்கள். உங்களிடம் வேலை செய்யும் ஊர்த் தம்பிகளையும் மறவாதீர்கள். அவர்களுடைய பிள்ளைகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அங்கே பெருநாள் பல ஆண்டுகளில் நமக்கு மறுநாள் வருகிறது. அன்று காலையில் அவர்கள் தம் பிள்ளைகளோடு ஆறுதலாகத் தொலைபேசியில் பேச ஒரு மணி நேரம் விட்டுக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் போகும் வியாபாரத்தை அல்லாஹ் வேறு வழியில் தருவான். போன பிள்ளைப் பருவத்தை வாங்கும் கடை உலகில் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தைத் தருவாயாக. அந்தச் சம்பாத்தியம் எங்கள் பிள்ளைகளிடமிருந்து எங்களைப் பிரித்துவிடாமல் காப்பாயாக. எங்கள் மக்களை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாகவும், அண்டை அயலாருக்கு நன்மை தருபவர்களாகவும் ஆக்கி வைப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.